இரண்டு அங்குலம் தாழ்ந்த தொட்டி

மே 12, 1924. பெய்ஸ்லி

புது வண்டி ஓடுகிறது. நான் வரைந்தது. முன் இருக்கையை இரண்டு அங்குலம் தாழ்த்தியிருக்கிறேன். அதற்கடியில் இருக்கும் பெட்ரோல் தொட்டியும் கூடவே தாழ்ந்தது. இனி ஒரு பெண் பாவாடையைத் தூக்கிப் பிடிக்காமல் ஏறி உட்காரலாம். முதலாளி மன்றோ தலையசைத்தார். அவரிடமிருந்து அது அதிகம்.

மே 14

ஓபன் ஊரிலிருந்து கார் வியாபாரி மெக்ஃபேடியன் எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் வியாழன் நாலு பேரோடு க்ரோ கணவாயை ஏறிக் காட்டினால் பத்து வண்டி வாங்குவார். இல்லையென்றால் ஆகஸ்டில் பட்டறையை மூடவேண்டியதுதான். முதலாளி அதைச் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது அவர் பழக்கம். முப்பத்தோரு பேருக்கு வேலை போகும்.

மே 18, ஞாயிறு

பென்சிலைத் தொடக்கூடாத நாள். தேவாலயம் முடிந்து பார்லி சூப். ஏதோ யோசனையில் தட்டைச் சாய்த்தேன். சூப் முழுக்கப் பின் விளிம்புக்கு ஓடியது. முன் விளிம்பு காய்ந்தது.

கை நின்றுவிட்டது.

பம்பு கிடையாது. பெட்ரோல் தன் எடையால்தான் என்ஜினுக்கு இறங்குகிறது. மேட்டில் வண்டி மூக்கைத் தூக்கினால், தொட்டி என்ஜினுக்குக் கீழே போய்விடும். அந்த இரண்டு அங்குலம்— நான்தான். பட்டம் வாங்கிய நான்.

"சூப்பை வச்சு என்ன விளையாட்டு இஷ்பெல், அதுவும் ஓய்வுநாள்ல?" என்றாள் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி.

மே 19

டூகலிடம் மட்டும் சொன்னேன். புது வண்டிகளை முதலில் ஓட்டிப் பார்ப்பவர் அவர்தான்.

"தொட்டிய ரொப்பிட்டா ஏறிடும் பொண்ணு. வாய மூடிக்கிட்டு வா."

"நின்னுட்டா?"

"திருப்பி ரிவர்ஸ்ல ஏத்துவோம். பின்னாடி தூக்கினா பெட்ரோல் தானா முன்னாடி வரும். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே ஏறினோம்?"

அந்தக் காலத்து வண்டியையா வரைந்தேன்?

வாயை மூடிக்கொள்ள ஒப்புக்கொண்டேன். எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

மே 21

தூக்கம் இல்லை.

மே 22

மலையடிவாரத்தில் மெக்ஃபேடியன் அளவுக்குச்சியைத் தொட்டிக்குள் விட்டார். "விளிம்பு வரைக்கும் ரொப்பியிருக்கீங்களே! எங்க ஊர்ல எவன்யா முழுத் தொட்டியோட ஓட்டுறான்? பாதிய இறக்குங்க."

டூகல் என் பக்கம் திரும்பவேயில்லை.

கடைசி வளைவு. ஒரு இருமல். இன்னொன்று. வண்டி நின்றது. ஆட்டுக்குட்டிகளின் சத்தம் மட்டும்.

"பெட்ரோல்ல தூசி, ஐயா" என்று ஆரம்பித்தார் டூகல். என்னைக் காப்பாற்றத்தான்.

நான் இறங்கிவிட்டேன். "தூசி இல்லைங்க. தொட்டி தாழ்வா இருக்கு. தாழ்த்தினது நான். ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்."

முதலாளி தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

டூகல் வண்டியைத் திருப்பினார். பின்பக்கமாக ஏறினோம், நாலு பேரும், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு இருமல்கூட இல்லை.

மெக்ஃபேடியன் கீழே பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். "பதினஞ்சு வருஷமா இந்த மலை ஏறுறேன். இந்தப் பக்கம் இவ்வளவு அழகுன்னு இன்னைக்குத்தான் தெரியுது." பிறகு என்னிடம்: "அதே வளைவுல ஒன்பது வண்டி நின்னிருக்கும்மா. ஒன்பது பேரும் தூசின்னுதான் சொன்னாங்க. உங்க என்ஜின் நல்லாத்தான் இருக்கு. தொட்டிய மேல தூக்கிட்டு வாங்க, வாங்கிக்கிறேன்."

உச்சியில் புல்லில் உட்கார்ந்தேன். சிரித்தேனா, அழுதேனா? முதலாளி தன் ஓட்ஸ் ரொட்டியில் பாதியை நீட்டினார்.

ஜூன் 20

தொட்டி இப்போது டாஷ்போர்டுக்கு முன்னால், உயரத்தில். இருக்கை அதே தாழ்வில். அதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலை 3

மறுபடி கணவாய். அதே நாலு பேர். பாதித் தொட்டி.

கடைசி வளைவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. உச்சியில் டூகல் தோளைத் தட்டினார். "எந்திரி பொண்ணு, ஏறியாச்சு."

பின் இருக்கையில் தூங்கிப்போயிருக்கிறேன்.