பக்கத்தின் முதல் வரி

உ
2008 ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே வெயில். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மோட்டார் போடவில்லை. மாடியில் வத்தல்.

உஷா போன். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவள், மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனி. அங்கே எனக்கு வேலை உறுதியாம். வெள்ளிக்குள் பதில் வேண்டும். நாற்பத்துமூன்று வயதில் எனக்கென்று ஒரு மேஜை.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

கேட்டேன். பெரியத்தான் சிரித்தார். “போறதுன்னா போம்மா, யாரு வேண்டாம்னா? விக்கியை யாரு பாக்கது?”

எந்தப் பட்டாசுக்கு எந்த லேபிள், பெட்டி அளவு, எத்தனை கலர். எல்லாம் கணினியில் இருக்கும் அந்த விக்கிப் பக்கங்களில். யாரும் திருத்தலாம், பழையதும் அழியாமல் அடியில் இருக்கும். மூன்று இடத்துக்கும் அதுதான் ஆதாரம்: நம் அச்சகம், வெம்பக்கோட்டை பேக்டரி, பெரியத்தான் ஆபீஸ். நான் தொடங்கியது. யார் தொடங்கச் சொன்னார்கள்?

உ
ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

நான் இல்லாமலே விக்கி நடக்கவேண்டும். அப்போதுதான் வெளியே போகமுடியும். பக்கங்களை எந்த மென்பொருளில் சேமிப்பது என்று மறுபடி யோசனை.

சிவிஎஸ் – முதலில் வைத்திருந்தது. பக்கத்தின் பெயரை மாற்றினால் பழைய வரலாறு தனியே நின்றுவிடும். வேண்டாம்.
சப்வெர்ஷன் – இப்போது இருப்பது. நல்லதுதான், ஆனால் எல்லாம் பெரியத்தான் அறைக் கணினிக்குள். அங்கே கரண்ட் போனால் மூன்று இடத்திலும் கை கட்டி உட்காரவேண்டும். உடனே எனக்குப் போன், “அக்கா, என்னாச்சு?”
கிட் – விண்டோஸில் மல்லுக்கு நிற்கிறது.
மெர்குரியல் – ஒவ்வொரு கணினியிலும் முழுப் பிரதி. அங்கங்கே எழுதிக்கொள்ளலாம். சாயங்காலம் ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ளும். நடுவில் யாரும் வேண்டாம்.

நடுவில் யாரும் வேண்டாம். இரண்டு முறை வாசித்தேன்.

உ
ஆகஸ்ட் 20, புதன்

காலையில் மெர்குரியலுக்கு மாற்றிவிட்டேன். வெம்பக்கோட்டைக்குப் பென் டிரைவில் பிரதி போயிற்று. பகலெல்லாம் ஒரு போன்கூட இல்லை. பழைய சூட்கேஸை இறக்கித் துடைத்தேன்.

சாயங்காலம் சேர்த்துப் பார்த்தால், தொட்ட பக்கம் எல்லாவற்றிலும் தகராறு. ஒரே வரியில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள், எதை வைக்க என்று கேட்கிறது. எல்லாம் முதல் வரி.

பெரியத்தான்: உ லாபம்.
பேக்டரி மேனேஜர் பொன்ராஜ் அண்ணன்: முருகன் துணை.
அச்சகத்தில் ஜாபர் பாய்: 786.

ஒவ்வொரு முறை பக்கத்தைத் தொடும்போதும் மேலே புதிதாக ஒன்று. பிரதி ஒன்றாக இருந்தவரை ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தது. சாயங்காலம் நான் துடைத்துவிடுவேன், கோலமாவு துடைக்கிற மாதிரி. துடைப்பதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

சூட்கேஸ் கட்டில் மேலேயே இருக்கிறது.

உ
ஆகஸ்ட் 21, வியாழன்

மேலே எதுவும் எழுதாதீர்கள் என்று மூவரிடமும் சொன்னேன்.

பொன்ராஜ் அண்ணனுக்குக் கோபம். “முருகன் பேரு இல்லாம எழுதச் சொல்லுதீகளா? நம்ம பாக்குற வேலை எம்புட்டு ஆபத்து! வெளையாடாதீக தாயி.”

ஜாபர் பாய் வழக்கம்போல. “உங்க மிஷினுக்கு எந்தச் சாமி பிடிக்கும்னு சொல்லுங்கக்கா, எல்லாரும் அதையே போட்டுருதோம்.”

“நீங்க முருகன் துணை போடுவீகளா பாய்?”

“அண்ணன் 786 போடட்டும், நானும் போடுதேன்.”

மத்தியானம் வழி தெரிந்தது. அவரவர் கணினித் திரையில் அவரவர் வரி தானாகத் தெரியும், பக்கத்துக்குள் சேமிக்காது. தகராறே வராது. சின்ன வேலை. செய்துகொண்டுபோய்ப் பெரியத்தானிடம் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். “உள்ள எழுதலையா?”

“இல்ல அத்தான். பாக்கும்போது தெரியும்.”

“கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதுமா? உள்ள இல்லைன்னா அது போட்டதா ஆகுமா? சீசன் நேரத்துல இதெல்லாம் வேண்டாம்மா.” பிறகு, ரொம்ப அன்பாக, “நீ இங்கன இருந்தா இந்தப் பிரச்சனையே இல்லையில்ல?”

அவர் சொன்னது சரி. முன்பு கரண்ட் போனால் கூப்பிட்டார்கள். இனி தகராறு தீர்க்கத் தினமும் கூப்பிடுவார்கள்.

உ
ஆகஸ்ட் 22, வெள்ளி

தூறல், உடனே நின்றது. வத்தல் நனைந்தது.

உஷா போன். இந்த சீசன் மட்டும் முடியட்டும், தீபாவளி கழித்து வருகிறேன் என்றேன்.

“அதுவரைக்கும் வெச்சிருக்கமாட்டாங்கடி. உன்னை அங்க கட்டியா போட்டிருக்காங்க?”

இல்லை என்றேன். உண்மைதான். கதவு திறந்துதான் இருக்கிறது. இவர்கூட ராத்திரி, “நீ போயிருக்கலாம்” என்றார், பேப்பரை மடித்துக்கொண்டே.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தினமும் தேதிக்கு மேலே உ. சாமி கும்பிட்டே எத்தனையோ நாளாயிற்று. யாரும் பார்க்காத நோட்டு, யாரும் போடச் சொல்லவில்லை. நாளைக்குப் போடாமல் எழுதவேண்டும். அதையாவது.

உ
ஆகஸ்ட் 23, சனி

போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.