திரிகைக்கு அம்மி என்று சொன்னது நான்தான்

என் இஞ்சாருங்கோவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இனிமேல் பழகி என்ன செய்யப் போகிறேன்?

நேற்று அந்தக் கிராம நூதனசாலைக்குப் போய் வந்தேன். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு வெயிலில் நடை. முழங்கால் இரண்டும் இன்னும் விண் விண் என்கின்றன. திறந்த வெளியில் மண் வீடு, வைக்கோல் கூரை, கலப்பை எல்லாம் வைத்திருக்கிறார்கள். நான் போனது பெயர்ப்பலகைகளை வாசிக்க. நீங்கள் கடைசியாகச் சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்தவை. கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கண்ணை மூடிவிட்டீர்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு ஒற்றுப் பிழை இல்லை. பெருமையாக இருந்தது.

கடைசிக் கொட்டிலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கல், மேலே மரப்பிடி. குரக்கன் மா அரைக்கிற திரிகை. பலகையில் 'அம்மி' என்று இருந்தது.

நீங்கள் இந்தப் பலகைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று நான் வேலையால் வந்த கையோடு குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றேன். "இஞ்சாரும், குரக்கன் அரைக்கிற கல்லுக்கு உம்மட ஊரில என்னெண்டு சொல்லுறவை?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டீர்கள். 'அரைக்கிற கல்' மட்டும்தான் காதில் விழுந்தது. "அம்மிதான், வேற என்ன!" என்று எரிந்து விழுந்தேன். உங்கள் கையில் வெறும் பட்டியல், படம் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்த நீங்கள் திரிகையை எங்கே கண்டீர்கள்? ஆனாலும் ஒரு சொல்லுக்கு மூன்று அகராதி புரட்டுகிற மனிதர், நான் சொன்னதை மட்டும் ஏன் பார்க்காமல் எழுதினீர்கள்?

பக்கத்தில் ஒரு டீச்சர் பிள்ளைகளுக்குக் காட்டிச் சிரித்தார். "திரிகையை அம்மியெண்டு எழுதி வைச்சிருக்கு. ஆரோ அரைகுறையின்ர வேலை, பிள்ளையள்."

நான்தான் சொன்னது, எழுதினவரில் பிழையில்லை என்று வாய்வரை வந்தது. வெளியே வந்து மரத்தடியில் இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அலுத்தும் போயிருந்தேன், எல்லாவற்றிலும்.

வாசல் காவலாளியிடம் சிங்களத்தில் விசாரித்தேன். எழுதித் தந்தால் மாற்றுவார்களாம். உங்கள் கடைசி வேலையில் கைவைக்க மனம் கேட்கவில்லை. ஆனால் உங்களை இன்னொருவர் அரைகுறை என்று சொல்ல, கேட்டுக்கொண்டு நிற்க என்னால் ஏலாது.

நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். மனைவி பிழையாகச் சொன்னார், அவர் நம்பிவிட்டார் என்று என் பெயரைப் போட்டே எழுதுவேன்.

நீங்கள் சரிபார்க்காமல் நம்பிய ஒரே ஆள்,
உங்கள் மனைவி