ஈஸ் என்றால் சுகம்

அன்பின் பஸ்லினாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நான் சுகம். உங்களுக்கும் மகளுக்கும் சுகம்தானே?

ஈஸ் (ease) என்ற நாலு இங்கிலீஷ் எழுத்தும் உள்ளே வாற சொற்களை மகள் அகீலா கேட்டாளே. ஈஸ் என்றால் சுகம். டிஸீஸ் (disease) என்றால் நோய். டிஸீஸ்ட் (deceased) என்றால் மௌத்தானவர், இறந்துபோனவர்.

கடைசிச் சொல்லுக்கு எனக்கே நேற்றுத்தான் அர்த்தம் தெரிஞ்சது. என்னோட ரூமில் இருந்த ஷிஹாபை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. அங்கிருந்து வந்த கடதாசியில் அவன் பேருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்தான் இருந்தது. நோய் என்று நினைச்சு, கலகெதரயில் இருக்கிற அவன் உம்மாவுக்குக் கோல் எடுத்து, "சுகமாகிடும் மாமி" என்று சொல்லிட்டேன்.

திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. நீங்க கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, நேரில் போய்ச் சொல்லுங்க. இந்த மெசேஜைக் கண்டதும் சுருக்கா போங்க. இப்பவும் கோல் அடிக்குது, அவதான்.

ஹபீல்