வெள்ளைக் கொடிக்குக் கீழே மூன்று பாகம்

8 மார்ச் 1954, திங்கள்

காற்றே இல்லை. புழுக்கம். மேஜைக்கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது எண்ணெய்த் தோணியும் போயிற்று. தூத்துக்குடியிலிருந்து மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஏற்றி வந்தது. ரயில் பாலம் திறக்கும்வரை காத்திருக்க, ஆழமான இடம் என்று நம் துறைமுக ஆபீஸ் போட்ட வெள்ளைக் கொடி மிதவைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். விடியும்போது அடிப்பலகை உடைந்து தோணிக்குள் தண்ணீர். மூன்று வாரத்தில் மூன்று தோணி.

தோணியை ஓட்டி வந்த தண்டல், நம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஒரே புலம்பல்: "எவனோ முங்கி வந்து கடப்பாறையால குத்திருக்கான். இல்லேன்னா நின்ன தோணி எப்புடிங்க ஒடையும்?"

யார் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதும்படி ஆபீசர் என்னிடம் சொன்னார். ஆபீஸ் ரைட்டருக்குத் துப்பறியும் வேலை. உள்ளுக்குள் பெருமைதான்.

சந்தேகப் பட்டியல்:
போட்டி முதலாளிகள் - மூன்று தோணியும் மூன்று பேருடையவை. பொருந்தவில்லை.
திருடர்கள் - ஒரு பீப்பாய்கூடக் களவு போகவில்லை.
சவரிமுத்து.

இவன் நம் ஆபீஸ் வள்ளக்காரன். சங்கு குளிப்பவன், மூச்சு நீளம். போன வாரம் டீக்கடையில் எல்லார் காதிலும் விழச் சொன்னான்: "எண்ணெய் படிஞ்சு வலையெல்லாம் நாறுது. இந்தத் தோணிக வராம இருந்தாத்தான் நமக்குச் சோறு."

9, செவ்வாய்

அறிக்கை அனுப்பியாயிற்று. இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். அவன் பெயருக்குக் கீழே கோடு போட்டேன்.

மதியமே போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவன் ஊசியைக் கையில் பிடித்தபடியே போனானாம்.

டீக்கடைக்குப் போனேன். பேச்சு நின்றது. டீயில் சர்க்கரை இல்லை. கேட்கவில்லை.

11, வியாழன்

சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியம் வந்தாள். முகம் வற்றிக் கிடந்தது. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். "தவக்காலம்ங்க, ஒருசந்தி இருக்கேன்."

போலீசுக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டுமாம். என்னிடம்தான் கேட்கிறாள். "நீங்க எழுதுனா நம்புவாக. ஒங்க கூடக் கடல்ல வந்த மனுசன்ல. ஒங்களப் பத்தி வீட்ல அம்புட்டு நல்லாச் சொல்லுவாக."

பிடித்துக் கொடுத்ததே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. எழுதினேன். 'மிகவும் நல்லவர், நாணயமானவர்.'

எத்தனை வருட வேலை என்று மனுவில் போட வேண்டியிருந்தது. அதற்காக ஆழம் அளக்கும் நோட்டை எடுத்தேன். பிப்ரவரிப் பக்கம் விரிந்தது. என் கையெழுத்து. 'வெள்ளைக் கொடி: மூன்று பாகம்.' கீழே சவரிமுத்துவின் கைரேகை.

அவள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டேன். இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன்.

வாடைக்காற்று அடங்கியதும் ஒவ்வொரு வருடமும் நான் வள்ளத்தில் போய், கயிற்றில் ஈயக்குண்டை இறக்கி, கொடிகளைச் சுற்றி ஆழம் அளக்க வேண்டும். இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். நான் முதுகுளத்தூர்க்காரன். கரிசல் மண்ணைத் தவிர எதுவும் அறியாதவன். முதல் வருடம் வள்ளம் சாய்ந்தபோதே அடியில் சுருண்டு படுத்து, கரைக்குப் போ, கரைக்குப் போ என்று அழுதேன். சவரிமுத்து வள்ளத்தைத் திருப்பினார். கரையில் கேட்டவர்களிடம், "காத்து சரியில்ல, திரும்பிட்டோம்" என்றார். மறுநாள் அவரே அளந்து வந்து கணக்குச் சொன்னார். வெளியில் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். சிரித்தார். "வள்ளத்துல நடந்தத கரையில பேசுறது எங்க வழக்கமில்லீங்க."

அடுத்த வருடங்களிலும் அவரே அளந்தார். இந்த வருடம் அவரையும் அனுப்பவில்லை. இந்த முறையும் அவர் தனியாகப் போனால் என் பயம் ஊருக்குத் தெரிந்துவிடுமே. சுவர் நிழலில் உட்கார்ந்து போன வருடக் கணக்கையே காப்பி அடித்தேன். ரேகை வை என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார்.

மூன்று தோணியும் ஒரே கொடிக்குக் கீழே. மூன்றும் நீர் வற்றும் நேரத்தில். இதெல்லாம் திங்கட்கிழமையே என் மேஜையில் இருந்தது. கடலைக் கேட்காமல் ஓர் ஆளைத் தேடினேன்.

12, வெள்ளி

சோப்பு தீர்ந்துவிட்டது. செருப்பு வார் அறுந்தது. இதை எல்லாம் ஏன் எழுதுகிறேன், ஸ்டேஷனுக்குப் போனதை எழுதத் தள்ளிப்போடத்தான்.

ஏட்டு சொன்னது: "கல்லுளிமங்கன்யா. கொடிக்கிட்ட ஆழம் ஒனக்கு எப்புடிலே தெரியும்னு கேட்டா, ரைட்டரய்யாவும் நானும் போயி அளந்தோம், மூணு பாகம்ங்கறான். அடிச்சாலும் அதையேதான் சொல்றான்."

'நாங்கள் அளக்கவே போகவில்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே என்ன கிடக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள். அவர் வெளியே வந்திருப்பார், நான் உள்ளே.

கம்பிக்குப் பின்னால் இருந்தார். வலது மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு மரியாதை. வெட்கத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

13, சனி

வேறொரு வள்ளம் பிடித்துப் போனேன். இரண்டு முறை வாந்தி. கயிற்றை விடவில்லை.

வெள்ளைக் கொடி. குண்டு இறங்கியது, ஒரு பாகத்திலேயே டக்கென்று நின்றது. கொஞ்சம் தள்ளி: மூன்று. திரும்ப வந்து: ஒன்று. வள்ளக்காரர் முங்கிப் பார்த்தார். தார் பூசிய பலகைத் துண்டு ஒன்றோடு மேலே வந்தார். "பெரிய பார்க்கல்லுங்க. வாடையில உருண்டு வந்துருக்கு. தோணி தண்ணி வத்தையில அது மேலதான் ஒக்காந்துருக்கு."

குற்றவாளி ஒரு கல். இன்னொருவன் நான்.

கொடியை நகர்த்தினேன். புது அறிக்கை எழுதினேன்: 'பிப்ரவரியில் அளந்தபின் கல் நகர்ந்து வந்திருக்கக்கூடும்.' அவரும் தப்பினார், நானும் தப்பினேன். இவ்வளவு சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது.

15, திங்கள்

விட்டுவிட்டார்கள். நேராக ஆபீசுக்கு வந்தார். அவர் எதிரிலேயே ஆபீசர் என் முதுகில் தட்டினார். "உம்மால்தான் ஓர் அப்பாவி தப்பினான்."

"ஆமாங்க, அய்யா இல்லேன்னா என்ன ஆயிருப்பேனோ" என்றார் சவரிமுத்து. முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். ஏன் சொல்லவில்லை?

"வள்ளத்துல நடந்தத சொல்லக்கூடாதுல்லங்க."

"பிப்ரவரியில் நான் வள்ளத்தில் ஏறவே இல்லையே, சவரிமுத்து."

கடல் பக்கம் திரும்பினார். "அதத்தாங்க நானும் உள்ள கெடந்து ரோசிச்சேன்."

வீங்கின கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நடந்து போனார்.

16, செவ்வாய்

தூக்கமில்லை. காலையில் கொண்டல் காற்று, கொஞ்சம் குளிர்ச்சி.

ஆபீசருக்குக் கடிதம். மூன்று தாள் கிழித்தபின் இது: 'பிப்ரவரியில் நான் ஆழம் அளக்கவில்லை. எனக்குக் கடல் பயம். பழைய கணக்கைப் பார்த்து எழுதினேன். சவரிமுத்துவை ரேகை வைக்கச் சொன்னது நான். அவர்மேல் பிழையில்லை.' நோட்டையும் கூடவே வைத்திருக்கிறேன்.

வேலை போகும். போகட்டும் என்று எழுத ஆசை. பயமாகத்தான் இருக்கிறது.

மேஜைக்கால் இன்னும் ஆடுகிறது. படியில் ஆபீசரின் செருப்புச் சத்தம்.