எல்லாருக்கும் எல்லா அனுமதியும்

மார்ச் 4, செவ்வாய்

பெரிய மருத்துவமனை கையை விரித்துவிட்டது. நோயாளிகளின் படங்களை இனி மெயிலில் அனுப்பினால் வாங்க மாட்டார்களாம். எங்கள் ஸ்கேன் சென்டரில் பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற சர்வர் ஒன்று வேண்டும், அவர்கள் உள்ளே வந்து எடுத்துக்கொள்வார்கள். 14ஆம் தேதி சோதனை.

முதலாளி டாக்டரம்மா என்னிடம், "உன்னால முடியுமா?" என்றார். முடியும் என்றேன். மேனேஜர் சிரித்தார்.

"ஏம்மா, அது கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்கிற வேலை. என் மச்சான் கம்பெனிகிட்ட விட்டுடலாம். நீ பழையபடி டோக்கன் மேஜையைப் பாத்துக்கோ."

14 வரை எனக்கு. ஆகவில்லையென்றால் மச்சானுக்கு. நான் டோக்கன் மேஜைக்கு. அங்கிருந்து எழுந்து சிஸ்டம் அறைக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் வந்த பிறகு அந்த மனுஷன் அங்கே ஆளே போடவில்லை. எப்படியும் திரும்பி வருவேன் என்று இடம் பிடித்து வைத்திருக்கிறார். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

மார்ச் 6, வியாழன்

சர்வரை நிறுவினேன். மருத்துவமனைக்குத் தனிப் பயனர், தனிச் சாவி, தனி அறை, அதாவது சர்வருக்குள் ஒரு தனி இடம். உள்ளே வந்தால் அந்த அறை மட்டும்தான் தெரியும், வெளியே எட்டிப் பார்க்க முடியாது.

அமைப்புக் கோப்பைச் சோதிக்க ஒரு கமாண்ட் இருக்கிறது. எல்லாம் சரி என்றால் ஒன்றுமே சொல்லாது. என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற மாதிரி. உப்பு குறைந்தால் மட்டும்தான் வாயைத் திறப்பார்.

சர்வரின் முழு அதிகாரம் ரூட் கணக்கில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு வேண்டும் என்று மேனேஜர் வந்து நின்றார். "மேனேஜர்னா எல்லாச் சாவியும் கையில இருக்கணும்மா." டாக்டரம்மாவும் தலையாட்டிவிட்டார். கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு அரை நாள் முழித்தேன். இது வெளியே போகக் கூடாது.

மார்ச் 10, திங்கள்

மருத்துவமனைப் பயனராக நுழைந்து பார்த்தேன். சர்வர் சாவியை வாங்கிக்கொண்டது, உடனே கதவைச் சாத்திவிட்டது. மேனேஜருக்கு மூக்கில் வியர்த்துவிட்டதோ என்னவோ, உடனே வந்துவிட்டார். "இதுக்கு என் மச்சான் ஒரே ஒரு வைத்தியம் சொல்லியிருக்கான்" என்று தானே தட்டினார்: சிஎச்மாட் 777. அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும். யார் வேண்டுமானாலும் படி, எழுது, அழி. அப்போதும் கதவு திறக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

என்ன நடந்தது என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவைப் படித்தேன். அறை ரூட்டின் பெயரில் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. வாடகை வீடு மாதிரிதான். குடியிருப்பவர் அலமாரியில் சாமான் வைக்கலாம், சுவரை இடிக்கக் கூடாது. இடிக்க முடிகிற சுவர் என்றால் சர்வர் யாரையும் உள்ளே விடாது. நான் அறையை என் பெயரில் வைத்திருந்தேன், தப்பு என்னுடையது. மாற்றினேன், அனுமதியைக் குறைத்தேன், உள்ளே ஒரு ஃபோல்டர் வைத்தேன். திறந்துவிட்டது.

"சார், இனிமே இந்த அறையைத் தொடாதீங்க."

"நான் ஏம்மா தொடப் போறேன்?"

மார்ச் 13, வியாழன்

மருத்துவமனையிலிருந்து நுழைந்து பார்த்தார்கள். படம் இறங்கியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப டோக்கன் மேஜை இல்லையா?" என்றார். சாம்பாரில் உப்பு குறைவு என்றும் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும்.

போனில் மருத்துவமனை, பக்கத்தில் டாக்டரம்மா. "உள்ள போக முடியலையே" என்றார்கள். நேற்று போனதே! மேனேஜர் பெருமூச்சு விட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன் டாக்டர். மச்சானைக் கூப்பிடவா?" என்றார். போனைக் கையில் எடுத்தே வைத்திருந்தார், பாவி.

போச்சு, எல்லாம் போச்சு. ஆனாலும் அனுமதிகளைப் பார்த்தேன். எல்லாருக்கும் எல்லாமும்.

"சார், காலைல ஏதாவது பண்ணீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா. முக்கியமான நாளாச்சே, எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா அனுமதியும் குடுத்து வச்சேன். அவங்களுக்குத் தாராளமா இருக்கட்டுமேன்னு."

பெருமையாகத்தான் சொன்னார்.

அனுமதியைப் பழையபடி குறைக்க ஒரே கமாண்ட். "வந்துடுச்சு" என்றார்கள் போனில். டாக்டரம்மா மேனேஜரைப் பார்த்து, "எக்ஸ்ரே எடுக்கிறப்ப அந்த ரூம் கதவையும் தாராளமா திறந்து வைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்

டாக்டரம்மா சொல்லி ரூட் பாஸ்வேர்டை மாற்றினேன். மேனேஜருக்கு மரியாதை குறையக் கூடாதே என்று அவருக்கும் ஒரு பயனர் கணக்கு, ஒரு அறை. இன்று வந்து கேட்டார்.

"ஏம்மா, உள்ள போனா ஒரே ஒரு ஃபோல்டர்தான் தெரியுது. மத்ததெல்லாம் எங்க?"

"அது உங்க ஃபோல்டர் சார்."

"அதுல எனக்கு எல்லா அனுமதியும் இருக்கா?"

"தாராளமா சார்."

திருப்தியாகப் போனார். சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். தன் அறையில் முதல் கோப்பை வைத்திருக்கிறார், ஒரு விளம்பரம்: டோக்கன் மேஜைக்கு உடனடியாக ஆள் தேவை.