பெயர் ஒட்டி மறைத்த பிலிம்

மங்காஃப், குவைத்
12.1.2024

அன்புத் தங்கை ராதிகாவுக்கு,

நான் நலம். உன் நலம் எழுத உனக்கு நேரமிருக்காது, தெரியும். ரூமில் உடனிருக்கும் ஆரிப் துபாய் வருகிறான். என் முதுகு எக்ஸ்ரே பிலிமைக் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, சைட்டில் பலகை தூக்கியதில் பிடிப்பு. கேம்ப் டாக்டர் உறையைப் பிரிக்காமலே, "மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினையில்லை, டூட்டிக்குப் போ" என்றார்.

நெட்டி முறிக்கப் படிக்கும் உன் கைரோபிராக்டிக் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே பார்க்கச் சொல்லித்தர நிஜ பிலிம் கிடைப்பதில்லை என்றாயே. கேம்ப்காரன் முதுகாவது காலேஜுக்குள் போகட்டும்.

அண்ணன்
கார்மேகம்

துபாய்
19.1.2024

அண்ணா,

போனை எடு. எடுக்காததால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு வழக்கம். பிலிமை நானும் முன்னதாகப் பார்ப்பதில்லை. பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டி விளக்குப் பெட்டியில் மாட்டுவேன். பிள்ளைகள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன். இன்று உன்னுடையதையும் அப்படித்தான் மாட்டினேன். முள்ளெலும்பு ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள் மாதிரித் தெரியும். ஒன்றில் ஒரு கண் இல்லை.

"கேன்சர் எலும்பைத் தின்னிருக்கு மேடம். இவரைத் தொடவே கூடாது" என்றாள் ஷிரின். "சரி" என்று மார்க் போட்டுவிட்டு, வெளியே ஓடி உனக்குப் போன் அடித்தேன்.

எதையும் தூக்காதே. உன் முதுகில் யாரும் கை வைக்க விடாதே. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

ராதிகா

குவைத், ஆஸ்பத்திரி
24.1.2024

பாப்பா,

அன்று நீ போன் அடித்தபோது நான் நெட்டி முறிக்கும் மேசையில் குப்புறக் கிடந்தேன். உன் பழைய மாணவன் விமல் இங்கே ஃபஹாஹீலில் ஒரு கிளினிக்கில் இருக்கிறான். "ராதிகா மேடம் அண்ணனா!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். எக்ஸ்ரே உன்னிடம் இருக்கிறது என்றேன். "அப்ப மேடமே பாத்திருப்பாங்க. அதுக்கு மேல நான் என்ன அண்ணே பாக்குறது?" என்றான். ஒரே திருகு. சத்தம் எனக்கே கேட்டது.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கம்பெனி ஆள் வந்து, "கலாஸ், வேலை முடிஞ்சுது, ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு" என்று சொல்லிப் போனான். விமலைத் திட்டாதே. வெளியே உட்கார்ந்து அழுகிறான்.

கார்மேகம்

துபாய்
12.2.2024

அண்ணா,

ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று அண்ணி சொன்னாள். என்னோடு பேச மாட்டேன் என்கிறாயாம்.

கேம்ப் டாக்டர் உறையைப் பிரிக்கவில்லை. நானும் வகுப்பு வரட்டும் என்று பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். அவர் உன்னை டூட்டிக்கு அனுப்பினார். நான் உன்னைப் பாடமாக்கினேன்.

இன்று புது வகுப்பு. நல்ல உதாரணம், அதையே காட்டுங்கள் என்றார் டீன். மாட்டினேன். பிளாஸ்திரியை உரித்துவிட்டு மாட்டினேன்.

பெயரைப் படித்துக் காட்டி, "இவர் என் அண்ணன்" என்று நானே முதலில் வாய் திறந்தேன்.

ராதிகா