குகையில் உட்கார வேண்டியவர்

மகன் ரூமிக்கு, உன்னைப் பெற்ற சிசா எழுதுவது. கீட்டோ மடத்தில் நீ நன்றாக இருக்கிறாய் என்று கடிதம் கொண்டுவரும் ஓட்டக்காரன் சொன்னான், முகம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல ஆகிவிட்டதாம், இருக்கட்டும். நானும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், நம் ஊர் பிக்கு சுமணர் அப்படித்தான் எழுதப் பழக்கினார், ஆனால் கை வரவில்லை. அப்பா இறந்த செய்தியை உன் சித்தப்பா சோக்கே சொல்லி அனுப்பியிருப்பார். இறந்த பிறகு அவரை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார், அதை நான் சொல்கிறேன்.

அவர் இருமலில் படுத்துக் கிடந்தபோது நீ எழுதினாயே, உடம்பு கிழிந்த சட்டை மாதிரி, அப்பாவுக்கு ஏதாவது ஆனால் துணி சுற்றிக் குகையில் வைக்காதீர்கள், எரித்துவிடுங்கள் என்று. பிக்கு ஊரைக் கூட்டி அதைப் படித்தார். நான் அங்கேயே சொன்னேன், இந்த ஊரில் யாரையும் எரித்ததில்லை, என் வீட்டுக்காரர் அவர் அப்பா தாத்தா பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவார், வருஷா வருஷம் செத்தவர்கள் திருவிழாவுக்கு வெளியே வந்து புதுத்துணி உடுத்தி நம்மோடு சோளக்கள் குடிப்பார் என்று. சோக்கே எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். "உங்க இஷ்டம்தான் அண்ணி, நான் என்ன குறுக்கேயா நிக்கப் போறேன்" என்றார். அந்த வாயில் புழு வைக்க.

செத்தவரின் துணிமணியைப் பெண்டாட்டி ஆற்றுக்கு எடுத்துப்போய் அலசுகிற நாளில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவளோடு போய்விடுவார்கள், ஆண்கள் பிணத்துக்குக் காவல் இருப்பார்கள், உனக்குத் தெரியாததா. நான் அவர் போர்வையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தேன், மேட்டு வயல் பக்கம் புகை எழும்பியது. மண்கட்டி அடுப்பு மூட்டிக் கிழங்கு சுடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உன் அத்தை கூயா, "நமக்கும் நாலு மிச்சம் வைக்கச் சொல்லுங்கடி, அந்தத் தடியனுங்க தோலோட முழுங்கிடுவானுங்க" என்றாள். நானும் சிரித்தேன். ரூமி, நான் சிரித்தேன். புருஷன் எரிகிற புகையைப் பார்த்துக்கொண்டு கிழங்குக்கு ஆசைப்பட்டேன். இந்தச் சிரிப்பை எந்த ஆற்றில் கழுவுவது என்று உன் மடத்தில் கேட்டுச் சொல்.

திரும்பி வந்தால் சோக்கே சாம்பல் நிறைந்த ஒரு சட்டியை நீட்டுகிறார். "உங்க மகன் சொன்னதைத்தானே அண்ணி செஞ்சோம்" என்கிறார். பிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, "பற்றை விடுங்கம்மா" என்றார். நான் கேட்டேன், "விடுறதோ பிடிக்கிறதோ, பெண்டாட்டிய ஆத்துக்கு அனுப்பிட்டுத் திருட்டுத்தனமா எரிக்கச் சொல்லி எந்த ஏட்டுல சாமி இருக்கு?" பிக்குவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்த வருஷம் மடத்துச் சோளத்தை ஊருக்கே அள்ளிக் கொடுத்தவர். கினிப்பன்றியைக் கொல்லாதீர்கள் என்றார், சரி என்றோம், அதுகள் பெருகி அடுப்படியில் என் கால்விரலைக் கடிக்கின்றன, அதையும் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன்.

சட்டியை எடுத்துக்கொண்டு குகைக்குப் பொறுப்பான பெரியவர்களிடம் போனேன். "சட்டிக்கு எப்படிம்மா கள் ஊத்துறது? வாய் எங்க இருக்கு, முழங்கால் எங்க இருக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குகையில் இடம் இல்லாவிட்டால் அவர் யார் வீட்டு விருந்துக்கும் வர முடியாமல் காற்றில் அலைவார். வீட்டுச் சுவர்ப் பொந்தைத் துழாவினேன். சின்ன வயதிலிருந்து அவர் வெட்டிய நகமும் சீவி உதிர்ந்த முடியும் அப்படியே இருந்தன, செத்தபின் தேடி அலையக் கூடாது என்று எல்லோரையும் போல அவரும் ஒன்றைக்கூட வெளியே போட்டதில்லை. சட்டியை நடுவில் வைத்து, பஞ்சும் புல்லும் அடைத்து, அந்த முடியையும் நகத்தையும் உள்ளே வைத்து, ஆள் உட்கார்ந்த மாதிரி அலசிய போர்வையால் சுற்றிக் கட்டினேன். அவர் குல்லாயை மேலே வைத்தேன். உன் மழித்த முடியை எங்கே போட்டாய்? பெருக்கித் தள்ளியிருப்பாய்.

மூட்டையைப் பார்த்ததும் பெரியவர்கள் சுற்றி வந்து குல்லாயைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு, "சரி, உன் வீட்டுக்காரர் பவுகாரை உட்கார வைக்கலாம். ஆனா திருவிழாவுக்குள்ள பெத்த மகன் முதுகுல சுமந்துட்டு வரணும், வேற யார் தூக்கினாலும் வாசலோட சரி" என்றார்கள். சோக்கே தான் தூக்குவதாக அழுதார், தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

துறவி பிணமூட்டை தூக்கலாமா என்று நீ யோசிப்பாய். உன் புத்தர் தன் அப்பா செத்தபோது பாடைக்குத் தானே தோள் கொடுத்தார் என்று சுமணர்தான் எங்களுக்குக் கதை சொன்னார். அவரைவிட நீ பெரிய துறவியா? எந்தத் துணியை உடுத்திக்கொண்டு வந்தாலும் எனக்குச் சம்மதம். அவரை எரிக்க உன் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது, உட்கார வைக்க உன் முதுகு வேண்டும்.

சூரியன் உன்னைக் காக்கட்டும், உன் புத்தரும் காக்கட்டும், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, என் கோபமெல்லாம் உன்மேல்தான். மலைக் கணவாயில் பனி விழும், கோகா இலையை வாயில் அடக்கிக்கொண்டு மெதுவாக ஏறு. இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே, கிளம்பு.

இப்படிக்கு,
பவுகார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா,
சிசா